மூச்சு பீரியட்

எங்கள் பள்ளியில் விளையாட்டு பீரியட் செத்த அன்று ஆசிரியைகள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். செத்ததைக் கொண்டாட அல்ல. அதே நேரத்தில், அதே இடத்தில், மூச்சு பீரியட் பிறந்திருந்தது.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் பள்ளி. தனியார் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்துகிறேன். அந்த வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. பள்ளிக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. முள்ளும் கல்லுமாக இருந்தாலும் பிள்ளைகள் அதை கிரவுண்டு என்றுதான் சொல்வார்கள். ஒரு கோடை விடுமுறையில் தாளாளர் அதில் பாதியில் புதுக் கட்டடம் எழுப்பினார். மீதிப் பாதியில் பள்ளி வேன்கள் நின்றன. பௌர்ணமி வந்தால் வேன்கள் தெருவுக்குப் போய்விடும். அந்த இடத்தில் வெளியூர் பக்தர்களின் கார்கள் நிற்கும். ஓட இடமில்லாத பள்ளியில் ஓடச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் எதற்கு என்று பி.டி. சாருக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர் போளூர்ப் பக்கம் வேறு பள்ளி பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"புள்ளைங்க ஓடறதுக்கு எடம் இல்லியேன்னு கேக்கறாங்க. நியாயந்தான். ஆனா மூச்சு வுடறதுக்கு எடம் வேணுமா? உக்காந்த எடத்துலயே வுடலாம்ல?"

நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் நிஜமாகவே சொன்னார்.

அடுத்த வாரமே பயிற்சியாளர் வந்துவிட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தவராம். ஒரு நாள் மலை சுற்ற வந்தபோது, மலையைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ நின்றுவிட்டதாம். வேலையை விட்டுவிட்டு இங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். எங்கள் ஊரில் இப்படி உள்ளுக்குள் ஏதோ நின்றுபோனவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வீட்டு வாடகை இப்படி ஏறியதற்கு அவர்கள்தான் காரணம் என்பது என் கணவரின் கட்சி. எனக்கு அதில் கருத்து இல்லை. நாங்கள் சொந்த வீட்டில் இருக்கிறோம்.

ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். கசங்கின வெள்ளை ஜிப்பா, தோளில் துணிப்பை, தேய்த்து மெருகேற்றியது போல ஒரு குரல். பிள்ளைகள் முதல் நாளே அவருக்கு 'மூச்சு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு முன்னால் எங்களுக்குப் பயிற்சி. சனிக்கிழமை மதியம், வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கும் நேரம், எங்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுத்தார்.

"இதை உடனே சாப்பிடாதீங்க. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு திராட்சையைப் பாக்கறீங்க. அப்படிப் பாருங்க."

எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழாசிரியை, ஓய்வு பெற ஒரு வருடம் கூட இல்லாதவர், உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நான் பாயசத்துல நெறைய பாத்துட்டேன் சார்" என்றார். பயிற்சியாளர் கண்களை மூடி அந்த வாக்கியம் கடந்துபோகும்வரை காத்திருந்தார். அதற்குள் தமிழாசிரியை திராட்சையை விழுங்கிவிட்டிருந்தார்.

பிறகு பிள்ளைகளுக்கு ஆரம்பித்தது. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். பசி உச்சத்துக்கு ஏறி, மூளை சோற்றுக்குப் போய்விட்டிருக்கும் நேரம். புதுக் கட்டடத்தின் மாடியில் ஒரு ஹாலில் பாய் விரித்து உட்கார வைப்பார்கள். பை, சாப்பாட்டுக் கூடை எல்லாம் வெளியே வராந்தாவில் வரிசையாக இருக்க வேண்டும். உள்ளே பொருள்கள் இருந்தால் கவனம் சிதறும் என்று பயிற்சியாளர் சொன்னார். வகுப்பாசிரியையும் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாம்.

ஒரே வாரத்தில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். கண்ணை மூடியது போல வைத்துக்கொண்டு இமைமுடிக்கு நடுவே ஹாலை முழுக்கப் பார்க்கும் வித்தை எல்லோருக்கும் கைவந்தது. ஒருவன் உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்தான். அவனைக் காட்டிப் பயிற்சியாளர், "ஆழமா போயிட்டான், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். மறுநாள் பாதி வகுப்பு ஆழமாகப் போனது. வீட்டிலும் பலன் தெரிந்தது. ஒரு அம்மா பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஹோம்வொர்க் பண்ணுடான்னா, மூச்சு வுட்டுக்கினு இருக்கேன், பேசாதன்றான் மிஸ். இதுக்கு நான் இன்னா பண்றது?"

எதற்கும் தேறாதவள் ஒரே ஒரு பெண்தான். அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவள். அவள் அம்மா கிரிவலப் பாதையோரத்தில் கூழ்க்கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத நீளமான கால்கள். அந்தக் கால்கள் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். அவள் உட்கார்ந்த பெஞ்சு வருடம் முழுக்கக் கிறீச்சிட்டது. கணக்கில் சுமார் என்று சொன்னால் சுமாருக்குக் கோபம் வரும். ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு இருபத்தொன்றோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்ப்பாள்.

மூச்சு பீரியடில் பயிற்சியாளரின் மெருகேறிய குரல் அவளிடம் வந்துதான் தேய்ந்தது.

"ரிலாக்ஸ். உடம்பைத் தளர்வா விடுங்க. யாரு அது கால ஆட்றது? ரிலாக்ஸ்னு சொன்னேன்ல. ஏம்மா, ஒருத்தர் ரிலாக்ஸ் பண்ணச் சொன்னா பண்ண மாட்டியா நீ?"

ஹால் முழுக்கப் பிள்ளைகள் விறைத்துப்போய்த் தளர்வாக இருந்தார்கள்.

பீரியட் முடிந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்தார். "மேடம், அந்தக் குழந்தைக்கிட்ட ஒரு அடைப்பு இருக்கு."

"எங்க சார்?"

"உள்ள."

"பாத்ரூம் போணும்னு இருந்திருக்கும் சார். கேக்க பயந்திருப்பா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த பீரியடில் எழுந்து போக யாருக்கும் அனுமதி கிடையாது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. அன்று காலையிலிருந்தே தெருவில் ஹாரன், ஒலிபெருக்கி, டீ விற்கிறவர்களின் குரல் எல்லாம் கலந்து கிடந்தன. பயிற்சியாளர் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"வெளில என்ன சத்தம் கேட்டாலும் அது வெறும் சத்தம். நல்லதுன்னும் சொல்லாதீங்க, கெட்டதுன்னும் சொல்லாதீங்க. எழுந்து போய்ப் பாக்காதீங்க. வரட்டும். போகட்டும்."

நானும் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தேன். முதலில் ஒரு ஹாரன் வந்தது, போனது. பிறகு வராந்தாவில் ஒரு ஜிப் மெதுவாகத் திறக்கும் சத்தம். அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்லவில்லை. பிறகு ஒரு ஸ்டீல் மூடி தரையில் உருண்டு, வட்டமடித்து, அடங்கியது. இன்னொரு ஜிப். ஏதோ ஒன்று சப்பென்று சுவரில் பட்டது. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சத்தங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளின் முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்வதை இமைமுடி வழியே பார்த்தேன். ஆம், நானும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"போகட்டும்" என்றார் பயிற்சியாளர், கண்ணை மூடிக்கொண்டே, புன்னகையோடு.

போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கள் சாப்பாடு.

"மிஸ், கொரங்கு" என்று கத்திக்கொண்டு அந்தப் பெண் எழுந்தாள். மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு பாய்களைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடினாள். அந்த நீண்ட கால்கள் எதற்குப் படைக்கப்பட்டன என்று அன்று தெரிந்தது. அவள் பின்னால் வகுப்பே ஓடியது. வராந்தாவில் ஒரு குரங்குக் குடும்பமே பந்தியில் இருந்தது. குட்டி ஒன்று யாருடைய எலுமிச்சைச் சாதத்தையோ தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கம்பைத் தரையில் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றினாள். கிழட்டுக் கடுவன் மட்டும் அவசரப்படாமல், ஆணியில் மாட்டியிருந்த பயிற்சியாளரின் துணிப்பையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியது.

பையில் அவருடைய போன் இருந்தது. அப்போது அவர் போட்ட சத்தத்தை யாரும் வெறும் சத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாட்ச்மேன் கீழேயிருந்து ஓடி வந்தார். கடைசியில் பை கிடைத்தது, போனும் கிடைத்தது. வாழைப்பழம் மட்டும் கிடைக்கவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, அந்தப் பெண்ணை ஹாலுக்கு வெளியே நிற்க வைத்தது.

"நீ எழுந்ததாலதான் எல்லாரும் எழுந்தாங்க. முப்பது பேரோட அமைதியை ஒருத்தி கெடுத்துட்ட."

நான் பக்கத்தில் போனபோது அவள் முணுமுணுத்தாள். "நான் எழுந்ததாலதான் மிஸ் பாதி பேருக்காவது சோறு கீது."

நான் போய்த் தாளாளரிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொரங்கு நம்ம கைல இல்லம்மா. டிசிப்ளின் நம்ம கைல இருக்கு" என்றார். அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்த சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுத்தோம். தமிழாசிரியை தன் தயிர்சாதத்தை ஆளுக்கு ஒரு வாயாக உருட்டிப் போட்டார். யாருக்கும் வயிறு நிறையவில்லை. அடுத்த பீரியட் எனக்கு. மடங்குகள் நடத்த வேண்டும். அரை வயிற்றோடும் முழுக் குரங்குக் கதைகளோடும் இருக்கிற பிள்ளைகளை எந்தக் கொம்பனாலும் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது. எனக்கும் பசி. சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். தரையில் நீளமாக ஒரு கோடு போட்டு, சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, எண்கள் எழுதினேன். ஏழு ஏழு கட்டமாகத் தாண்டிப் போக வேண்டும், கால் படும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பெரிய யோசனை எல்லாம் இல்லை. அந்த நேரத்தைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஏழு கட்டம் ஒரே தாவலில் யாருக்கும் வரவில்லை. அவளுக்கு வந்தது. ஏழு என்றாள். பதினாலு. இருபத்தொண்ணு. வழக்கமாக முடிகிற இடத்தில் ஒரு கணம் ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு தாவி, இருபத்தெட்டு என்றாள். தரையில் இருந்ததைப் பார்த்துப் படித்தாள் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுதியிருந்த எண்களைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு வெறும் கட்டத்தில் விட்டேன். நிற்காமல் போனாள். எழுபதில் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"எப்படிடீ வந்துது?"

"உக்காந்துக்கினு இருந்தா வரமாட்டுது மிஸ். கால் போவுது, அதுவும் கூடவே வருது."

அடுத்த நாளிலிருந்து என் கணக்கு வகுப்பில் பாதி நேரம் வராந்தாவில்தான். எல்லாப் பிள்ளைகளும் இதில் மேதையாகிவிடவில்லை. சிலருக்குப் பெஞ்சில்தான் வந்தது. குதித்தால் உள்ளதும் போனது. அவளுக்குக் குதித்தால் வந்தது. கொஞ்ச நாளில் குதிக்காமலும் வந்தது. டெஸ்க்கின் மேல் இரண்டு விரல்களை மட்டும் நடக்கவிட்டு விடை சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இடைப்பருவத் தேர்வு அன்று கேள்வித்தாள் கொடுக்கும்போது பார்த்தேன், அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடி, மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மூச்சு சார் சொல்லிக் குடுத்தது மிஸ். வயித்த பலூன் மாதிரி உப்பிட்டு, பொறுமையா வுடணும். பயமா இருந்தா செய்யலாம்னாரு."

"பயம் போவுதா?"

அவள் நேர்மையாக யோசித்தாள். "போவல மிஸ். கம்மியாவுது."

ஆக, அந்த மனிதர் கையில் நல்ல சரக்கு இருக்கத்தான் செய்தது. அதைக் குழந்தைகளிடம் கொடுப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது, அதுதான் சங்கடம்.

வராந்தாச் சத்தம் தாளாளர் அறைக்கு எட்ட ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு நாள் படியேறி வந்து பார்த்தார். ஒருத்தன் ஆறாறாகத் தாவிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஸ்கூலாம்மா, சர்க்கஸாம்மா?"

பின்னாலேயே பயிற்சியாளரும் வந்திருந்தார். அவர் தலையைச் சாய்த்து, கோட்டையே வெகுநேரம் பார்த்தார். திராட்சையைப் பார்க்கச் சொன்ன அதே பார்வை. பிறகு தாளாளரின் காதில் ஏதோ சொன்னார். தாளாளரின் முகம் மாறியது. எங்களைத் திட்டாமலே இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் வராந்தாவில் சாக்பீஸ் கோடு இல்லை. பெயிண்டர் வந்து பளபளவென்று வண்ணத்தில் ஒரு பாதை போட்டிருந்தார். கட்டத்துக்கு ஒரு நிறம், நடுநடுவே தாமரை, ஒவ்வொரு தாமரையிலும் இரண்டு பாதங்கள். எண்கள் மட்டும் இல்லை; தாமரைக்கு இடம் போதவில்லையாம். சுவரில் ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல் மூவ்மென்ட்' என்று பெரிதாக எழுதி, கீழே பயிற்சியாளரின் பெயரும் இருந்தது. பாதையைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கியது: மிதிக்காதீர்கள்.

"காஞ்சதும் கயித்த அவுத்துடுவீங்களா சார்?" என்று தாளாளரைக் கேட்டேன்.

"புள்ளைங்க குதிச்சா பெயிண்ட் உரிஞ்சிடும்மா. பேரன்ட்ஸ் டேக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

பெற்றோர் தினத்தில் அந்தப் பாதையில் நடந்து காட்டப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அசையாமல் இருக்கத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். தாளாளர் தயங்கினார். "அது குதிக்கறப்ப சத்தம் ஜாஸ்தி வருதும்மா" என்றார்.

அன்று வெள்ளை உடுப்பில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், தலையில் நிறைகுடம் வைத்தது போல, ஒரு தாமரையிலிருந்து அடுத்த தாமரைக்கு அடி எடுத்து வைத்தார்கள். யாரும் எண் சொல்லவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பின்னணியில் புல்லாங்குழல். பெற்றோர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஒரு அப்பா மட்டும் எழுந்து, "நல்லா கீதுங்க. எம் பையன் கணக்குக் கோடுன்னு சொன்னான். இதுல கணக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"கணக்கு உள்ள இருக்கு" என்றார் பயிற்சியாளர். எல்லாமே அவருக்கு உள்ளேதான் இருந்தது.

கூழ்க்கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"எம் பொண்ணு இதத்தான் மிஸ் தினமும் வீட்ல குதிச்சி குதிச்சி காட்டும். பக்கத்து வீட்ல சண்டைக்கே வந்துட்டாங்க. அத ஏன் இதுல சேக்கல?"

உண்மையைச் சொன்னேன். "அது நல்லா குதிக்குதும்மா. அதான் சேக்கல."

அவர் கயிற்றையும் அட்டையையும் பார்த்தார். "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் முடிந்ததும் வந்து டி.சி. வாங்கிக்கொண்டார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கப் போவதாகச் சொன்னார். காரணம் கேட்ட தாளாளரிடம், "அங்க கிரவுண்டு கீதுங்க" என்றார்.

பயிற்சியாளர் இப்போது எங்கள் பள்ளிக்கு வருவதில்லை. வேலூர், ஆரணி என்று பெரிய பெரிய பள்ளிகளில் இந்தத் தாமரைப் பாதையைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. எங்களுக்கு அவருடைய குரலைப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். மதியத்துக்கு முந்தின பீரியடில் ஸ்பீக்கரில் அது ஒலிக்கிறது. ஆள் இல்லாததால் அதற்குக் கோபம் வருவதில்லை. அந்த வகையில் முன்னேற்றம்தான். நான் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு சிமெண்ட் தரையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். சாக்பீஸ் கோடு இப்போது அங்கே இருக்கிறது. தாளாளருக்குத் தெரியுமா என்றால், தெரியும். அவர் அந்தப் பக்கம் வரும்போது செருப்பைத் தேய்த்து நடந்து வருகிறார், நாங்கள் அமைதியாகிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு மாலை மலை சுற்றப் போனபோது அடி அண்ணாமலையில் அந்தக் கூழ்க்கடை முன் நின்றேன். அம்மா சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தார். பெண் இன்னும் வளர்ந்திருந்தாள். கபடியில் சேர்ந்திருக்கிறாளாம், முழங்காலில் ஒரு பெரிய காயத்தைப் பெருமையாகக் காட்டினாள்.

"கணக்கு எப்படி?" என்றேன்.

"அது பரவால்ல மிஸ்" என்றார் அம்மா. "ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

அந்தப் பெண்ணுக்கு அது ரோஷமாகிவிட்டது. "கேளுங்க மிஸ், எதுனா கேளுங்க" என்றாள். பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டேன். நின்ற இடத்தில் நாலைந்து சொன்னாள், பிறகு தடுமாறினாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாதையில் இறங்கி, நடக்கிறவர்களுக்கு நடுவே ஒரு தாவல் தாவி, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் எண் சொல்லிக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். எதிரே ஈர வேட்டியோடு வந்த ஒருவர், அவள் ஏதோ வேண்டுதல் செய்கிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.